வாயில் வைக்கப்பட்ட பாட்டு

தியானப் பகுதி: உபாகமம் 31:14–22



கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். "ஐயா, தபால் ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தீங்க. அப்புறம் ஊழியத்துக்கு வந்தீங்க. பாட்டு எழுத எப்போ படிச்சீங்க?" என்கிறீர்கள். என்னைப் பற்றி நானே எழுதுவது எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், ஒரு காலத்தில் ஆசையோடு செய்த ஒன்றை வாழ்க்கைப் பாரத்தினால் கீழே வைத்துவிட்டு, அதைக் குறித்து ஆண்டவர் முன் குற்றவுணர்வோடு நிற்கிற சிலரை நம் சபையிலேயே நான் அறிவேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

கீழே வைத்த பேனா

பதினேழு வயது முதல் இருபத்திரண்டு வயது வரை நான் பாட்டு எழுதினேன். எங்கள் கிராமத்து ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒன்று, அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு இரண்டு என்று ஆண்டுதோறும் எழுதுவேன். பாடகர் குழுத் தலைவர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கட்டமைப்பையும், எதுகை மோனையையும் அவரிடமே கற்றேன். அந்தப் பாடல்கள் இளைஞனின் பாடல்கள். மகிமை, மகத்துவம், மாட்சிமை என்று மோனைக்காகச் சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். இளமைக்கு உரிய அழகு அவற்றில் இருந்தது. பாடி முடித்ததும், "யார் எழுதினது?" என்று ஊரார் கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழுவதற்காகவே ஆலய வாசலில் நான் நின்றிருப்பேன்.

1986ஆம் ஆண்டு என் தகப்பனார் காலமானார். எனக்குப் பின்னே இரண்டு தங்கைகள். அதே ஆண்டில் அஞ்சல் துறையில் எனக்கு வேலை கிடைத்தது. கர்த்தர் எங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் அது. பாட்டு எழுதுவது நின்றது. அதற்காக நான் அழவில்லை. எந்த நாளில் நின்றது என்றுகூட இப்போது சொல்ல இயலவில்லை. கை நிறைய வேலை இருந்தது, அவ்வளவே. தங்கைகளின் திருமணம், தாயாரின் மருத்துவம், பிறகு என் குடும்பம் என்று ஆண்டுகள் சென்றன. அந்தக் கடமைகளைச் செய்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

கவுன்ட்டருக்கு அப்பால் நின்றவர்கள்

அஞ்சலகத்தில் முத்திரை குத்துவதும் கணக்கு எழுதுவதும் என் வேலை. ஆனால் சிற்றூர் அஞ்சலகத்தில் எழுதத் தெரிந்தவனுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும். எழுதத் தெரியாதவர்களுக்காக அவன் எழுதவேண்டும்.

மணியார்டர் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் அடியில் ஒரு சிறு துண்டு இருந்தது. பணத்தைப் பெறுகிறவர் அதைக் கிழித்துத் தம்மிடம் வைத்துக்கொள்வார். அதில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். நான்கைந்து வரிக்கு மேல் கொள்ளாது. வெளியூர் விடுதியில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப வந்த தாய்மார், கவுன்ட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு, "என்ன எழுதணும்மா?" என்று நான் கேட்டதும் திகைத்துப் போவார்கள். சொல்ல வேண்டியது மலையளவு இருக்கும்; இடமோ உள்ளங்கை அளவு. ஒரு தாய் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஆடு குட்டி போட்டுருக்குன்னு எழுதுங்க ஸார், அவனுக்குப் புரியும்" என்றார். வீட்டில் கஷ்டம் தீர்ந்து வருகிறது, நீ படிப்பை விட்டுவிடாதே என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது.

தந்தி இன்னும் கடினமானது. அது ஆங்கிலத்தில் போகும். சொற்களை எண்ணிக் கட்டணம் வாங்குவோம். திருமண வாழ்த்துக்கு ஆயத்த வாசகங்கள் இருந்தன, எண்ணைக் குறித்தால் போதும். துக்கச் செய்திக்கு அப்படி எளிய வழி கிடையாது. கணவனை இழந்த ஒரு பெண் பம்பாயில் இருந்த மகனுக்குத் தந்தி கொடுக்க வந்தார். "செத்துப் போனார்னு எழுதாதீங்க. ரயில்ல ஒத்தையில வருவான். சீரியஸ்னு எழுதுங்க. வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். அந்நாளில் அது வழக்கம்தான். ஆனால் மரணத்தின் வாசலில் நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கும் ஒருவன் இரண்டு நாள் ரயிலில் எதைச் சுமப்பான், எதைச் சுமக்கமாட்டான் என்று எண்ணிச் சொல்லைத் தேர்ந்துகொண்ட அந்தத் தாயைப் போல ஒரு எழுத்தாளரை நான் கண்டதில்லை.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அப்போது நான் ஊழியத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, நான் எண்ணி எழுதிய சொற்களெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவற்றுள் ஒன்றுகூட என் சொல் அன்று. எல்லாம் பிறருடைய துக்கமும் பிறருடைய சந்தோஷமும். என் கை மட்டுமே என்னுடையது.

மூடியிருந்த உதடுகள்

இருபத்தோரு ஆண்டுகள் பணியாற்றியபின் விருப்ப ஓய்வு பெற்று, நாற்பத்து மூன்றாம் வயதில் இறையியல் கற்கச் சென்றேன். பின்பு குருப்பட்டம் பெற்றேன். அப்போதும் பாட்டு எழுதவில்லை. பிரசங்கமும் சந்திப்பும் அடக்க ஆராதனையுமாக நாள்கள் நிறைந்திருந்தன.

என் ஐம்பத்தோராம் வயதில், நான் அப்போது பணியாற்றிய சபையில், ஒரு வாலிபத் தாய் ஐந்து மாதக் குழந்தையைக் காய்ச்சலில் இழந்தார். (அவருடைய சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன்.) அடுத்த மாதம் முதல் அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு வந்தார். பாட்டு அறிவிக்கப்பட்டதும் எழுந்து நிற்பார். புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து பிடித்திருப்பார். ஆனால் உதடுகள் அசையா. பலிபீடத்தருகே நின்ற எனக்கு அது தெளிவாகத் தெரியும். மூன்று மாதங்கள் இப்படிச் சென்றன.

ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். அவரே அதைப் பற்றிப் பேசினார். "பாட்டுல இருக்கிறதெல்லாம் உண்மைதான் ஐயா. நான் மறுக்கல. ஆனா அந்த வார்த்தை இப்போ என் வாய்க்கு வர மாட்டேங்குது." வேதவசனம் சொல்லித் தேற்ற ஆயத்தமாகச் சென்ற நான் அதை ஒதுக்கிவைத்தேன். என்னை அறியாமலே பழைய கேள்வி என் வாயிலிருந்து வந்தது: "என்ன எழுதணும்மா?" ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுதுவதானால் அதில் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மேலே உத்திரத்தைக் காட்டினார். சேலைத் தொட்டில் கட்டிய கயிறு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. "அதை அவுக்க எனக்குக் கை வரல. வேற யாரையும் அவுக்க விடவும் மனசு வரல. அதைச் சொல்லுங்க ஐயா. அவுத்துத் தாங்கன்னு கேக்கல. அவுக்கிற அன்னைக்குப் பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார்.

அன்றிரவு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப்பின், நான் பாட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் தொட்டிலும் இருந்தது, கயிறும் இருந்தது. மறுவாரம் அவரிடமே படித்துக் காட்டினேன். அவர் சொன்ன திருத்தம் இன்றும் எனக்குப் பாடமாக இருக்கிறது. "தொட்டில்னு போட வேண்டாம் ஐயா. சபையில எல்லாரும் பாடணும்ல?" ஆகவே தொட்டிலை எடுத்துவிட்டு முடிச்சை மட்டும் வைத்தேன். நீங்கள் இப்போது பாடி வரும் பாட்டு அப்படி வந்ததுதான்.

பேச்சற்றுப் போனேன், கேட்பீரோ?
மூச்சையே பாட்டாய் ஏற்பீரோ?

அவிழாத முடிச்சொன்று உள்ளதையா – அதை
அணுகவும் என்விரல் அஞ்சுதையா;
அவிழ்க்கின்ற நாள்வரை அருகிருந்து – என்
கரம்பற்றி நின்றாலே போதுமையா.

இதைப் பெரிய கவிதை என்று நான் சொல்லமாட்டேன். என் இருபது வயதுப் பாடல்களில் இதைவிட அலங்காரம் மிகுதி. ஆனால் தந்திக்குச் சொல் எண்ணியவனின் கை இதில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். எடுத்தாலும் பொருள் நின்றால் அந்தச் சொல் தேவையில்லை என்று விட்டேன்.

பாடகர் குழுத் தலைவர் நாதநாமக்கிரியை ராகத்தில் மெட்டமைத்தார். அவரோடு அமர்ந்து மூன்று மாலைகள் திருத்தினோம். சபை பாடும் பாட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மேல் ஸ்தாயியில் வெகுதூரம் ஏறினால் வயதானவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். நீட்டிப் பாடும் இடத்தில் குறில் வந்தால் சொல் சிதையும். வல்லின மெய்யில் முடிந்தால் குரல் முட்டி நின்றுவிடும். வாய் திறந்தபடி முடியும் நெடில்தான் அந்த இடத்துக்கு ஏற்றது. சரணத்தின் அடிகள் 'ஐயா' என்று முடிவதற்குப் பக்தி ஒரு காரணம், மூச்சு இன்னொரு காரணம். மூன்றாம் அடி மட்டும் அங்கே நில்லாமல் நான்காம் அடிக்குள் ஓடிச் செல்கிறது. அழுகிறவருக்கு மூச்சு குறுகியிருக்கும்; ஆகவே முதல் இரண்டு அடிகளின் முடிவிலும் நின்று மூச்சு வாங்க இடம் வைத்தோம்.

முதன்முறையாக அதை ஆராதனையில் பாடிய ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் வழக்கமான இடத்தில் நின்றார். பல்லவியைப் பாடவில்லை. சரணத்திலும் மூன்று அடிகள் மௌனமாயிருந்தார். நான்காம் அடியில் உதடுகள் அசைந்தன. அவ்வளவுதான். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பார்ப்பது முறையன்று என்று கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஆராதனை முடிந்தபின் பின்வரிசையில் அமரும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். அதிகம் பேசாதவர். "என் வீட்டுக் காரியத்தை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அவருடைய முடிச்சு என்ன என்று எனக்கு அன்று தெரியாது. ஒரு தாய் தன் தொட்டிலை விட்டுக்கொடுத்ததால் அவருக்கும் அந்தப் பாட்டில் இடம் கிடைத்தது. அந்த ஞாயிறு, பாட்டை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் மாலையில்தான் கவனித்தேன்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் பலர். இங்கிலாந்தில் 1725இல் பிறந்த ஜான் நியூட்டன் பதினொரு வயதில் கடலுக்குச் சென்றவர்; அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராகவும் இருந்தவர். 1754இல் உடல்நலக் குறைவால் கடற்பணியை விட்டார். பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகச் சில ஆண்டுகள் வேலை செய்தார். 1764இல் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குருவானவராக வந்தபோதுதான் கீர்த்தனைகள் எழுதுவது அவருடைய முக்கியப் பணிகளில் ஒன்றாயிற்று. அவ்வூரில் பலர் கையால் சரிகைப் பின்னல் பின்னிப் பிழைத்த ஏழைகள். அவர்கள் கூடும் ஜெபக்கூட்டங்களுக்காக, அவர்களுக்கு விளங்கும் எளிய மொழியில் எழுதினார். இன்று உலகமெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' 1773ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 47. 1779இல் அவரும் கவிஞர் வில்லியம் கூப்பரும் எழுதிய 348 பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தன, பெரும்பகுதி நியூட்டனுடையவை. அவருடைய கடல் வாழ்க்கையை நாம் நியாயப்படுத்த முடியாது, அவரும் நியாயப்படுத்தவில்லை. 1788இல் அடிமை வாணிபத்தின் கொடுமையைத் தாம் கண்டபடியே வெளிப்படையாக எழுதினார். கிருபை என்னும் சொல்லை அவர் எழுதியபோது, அதன் விலையை அறிந்தே எழுதினார்.

நம் மண்ணிலேயே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் நூலைத் தழுவி அவர் பாடிய 'ரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியம் 1894இல் அச்சேறியபோது அவருக்கு வயது 67. கிறிஸ்துவை அறிவதற்கு முன்பே அவர் கற்ற தமிழும் சந்தமும் வீணாகவில்லை. ஆண்டவர் அவற்றை அவரிடமே திரும்பக் கேட்டார்.

மோசேயின் கடைசிப் பாட்டு

இப்போது தியானப் பகுதிக்கு வாருங்கள். மோசே அரண்மனையில் வளர்ந்தவர். பிறகு நாற்பது ஆண்டுகள் மீதியானில் ஆடு மேய்த்தவர். தமக்குப் பேச்சு வராது என்று எரிகிற முட்செடியின் முன்னே ஆண்டவரிடம் சொன்னவர். செங்கடலின் கரையில் அவர் ஜனங்களோடு பாடியபோது அவருக்கு ஏறக்குறைய எண்பது வயது. உபாகமம் 31இல் அவருக்கு 120 வயது. மரணம் அருகில் வந்துவிட்டது. அந்த வேளையில் கர்த்தர் அவரை ஒரு பாட்டு எழுதச் சொல்லுகிறார்.

எதற்காக என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாட்டை இஸ்ரவேலருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது அவர்கள் வாயில் வைக்கப்பட வேண்டும். மோசே கானானுக்குள் போகப்போவதில்லை. அவர் எழுதிய பாட்டு போகும். அவரை அறியாத தலைமுறையின் வாயிலும் அது மறக்கப்படாமல் இருக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார். மோசேயின் பெருமைக்காக அந்தப் பாட்டு கொடுக்கப்படவில்லை. ஜனங்கள் வழிதவறும் நாளில் அவர்களுக்கு எதிரே சாட்சியாக இருக்கவே கொடுக்கப்பட்டது.

ஜனங்களின் வாயில் ஒன்றை வைக்க வேண்டுமானால் அந்த வாயை அறிந்திருக்க வேண்டும். மோசே அதை நாற்பது ஆண்டுகள் அறிந்திருந்தார்: தண்ணீருக்காக முறுமுறுத்த வாய், அப்பத்துக்காக அழுத வாய், வெற்றி நாளில் தம்புரோடு பாடிய வாய். அந்த முறுமுறுப்பையெல்லாம் கேட்ட மனிதரிடமே பாட்டு ஒப்படைக்கப்பட்டது.

அன்பானவர்களே, தாலந்து உவமையைச் சிலர் தங்களுக்கு எதிராகவே வாசிக்கிறார்கள். இளமையில் வயலின் வாசித்தேன், இப்போது அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது; நான் தாலந்தைப் புதைத்துவிட்டேன் என்று ஒரு சகோதரி என்னிடம் கண்கலங்கினார். அவர் அந்த ஆண்டுகளில் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பராமரித்தவர். உவமையில் தாலந்தைப் புதைத்தவன் எஜமானைக் கடினமானவன் என்று எண்ணிப் பயந்து புதைத்தான். அன்பினிமித்தம் கீழே வைத்ததும் பயத்தினிமித்தம் புதைத்ததும் ஒன்றல்ல. நீங்கள் கீழே வைத்ததை ஆண்டவர் அறிவார். எதை எடுக்க அதைக் கீழே வைத்தீர்கள் என்பதையும் அறிவார்.

ஆகவே ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, பேருந்திலும் ஆலையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் காலத்தைச் செலவிட்ட சகோதர சகோதரிகளே, உங்கள் விரல்கள் பழைய வேகத்தில் ஓடாமல் போகலாம். நானும் இந்த ஆண்டுகளில் எழுதியவை ஏழு பாடல்கள் மட்டுமே. இளமையில் அவற்றை ஓராண்டில் எழுதியிருப்பேன். ஆனால் அன்று உங்களுக்குத் தெரியாத மனிதர்களை இன்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். சபை முழுவதையும் நினைக்க வேண்டாம். பாடமுடியாமல் நிற்கும் ஒருவரிடம் சென்று, என்ன சொல்லவேண்டும் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பே பாதி வேலை.

இந்த வாரம் சிந்திக்க:

கடமையினிமித்தம் நான் கீழே வைத்த வரம் எது? அதை இடைக்காலத்தில் என் தொழிலில் கற்றதோடு சேர்த்து ஆண்டவர் இன்று கேட்கிறாரா?

நம் சபையில் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி பாடாமல் நிற்பவர் யார்? நான் அவரைச் சந்தித்தேனா?

ஜெபம்

இரக்கமுள்ள ஆண்டவரே, நாங்கள் பாடிய ஆண்டுகளும் பாடாத ஆண்டுகளும் உம்முடைய கரத்தில் இருக்கின்றன. எங்கள் கைகள் பிழைப்புக்காகச் செய்த வேலையையும் நீர் பரிசுத்தப்படுத்தும். சொல் இழந்தவர்களுக்குச் சொல் கொடுக்க எங்களைப் பயன்படுத்தும். அதற்கு முன்பாக, அவர்கள் சொல்வதைக் கேட்க எங்களுக்குப் பொறுமையைத் தாரும். அவிழாத முடிச்சுகளோடு இந்த வாரத்துக்குள் செல்லுகிற ஒவ்வொருவர் அருகிலும் நீர் தாமே இரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.